பேக்கப் இருக்கு... ஆனா எங்கே இருக்கு?

பௌர்ணமி கிரிவலத்துக்கு திருவண்ணாமலை வருகிறவர்களில் பலர் இப்போது லாட்ஜ் ரூமை ஆன்லைனிலேயே புக் செய்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கெல்லாம் கவுன்ட்டரில் இருக்கும் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். ஊரின் ஸ்கேன் சென்டர், ஆடிட்டர் ஆபீஸ், கல்யாண ஆல்பம் போடும் ஸ்டூடியோ என எல்லோருக்கும் இதே நிலைதான். ‘பேக்கப் எடுக்கிறீங்களா?’ என்று கேட்டால், கம்ப்யூட்டரிலேயே சொருகிக் கிடக்கும் ஹார்ட் டிஸ்கைக் காட்டுபவர்களே அதிகம்.

சிக்கலே அந்த ‘சொருகிக் கிடக்கும்’ என்பதில்தான். ரேன்சம்வேர் என்பது ஃபைல்களைத் திருடிக்கொண்டு ஓடும் வைரஸ் மட்டுமல்ல. அவற்றைத் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு, சாவிக்குப் பணம் கேட்கும். கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும் டிஸ்க், நெட்வொர்க்கில் ஷேர் செய்த ஃபோல்டர் என கைக்கு எட்டியதையெல்லாம் பூட்டும். 2017 மே மாதம் உலகையே கலங்கடித்த ‘வான்னாக்ரை’, விண்டோஸ் தானாகச் சேமித்து வைக்கும் பழைய பிரதிகளையும் தேடி அழித்தது. பேக்கப் இருந்தால் யார் பணம் கட்டப்போகிறார்கள்?

இது எங்கோ நடக்கும் கதையல்ல. 2021 செப்டம்பரில் சென்னை தலைமைச் செயலகத்தில் பொதுத்துறையின் கம்ப்யூட்டர்களே இப்படி முடங்கின. கேட்கப்பட்ட தொகை 1,950 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 1.4 லட்சம் ரூபாய்.

அடுத்த ஆண்டு நவம்பரில் டெல்லி எய்ம்ஸ். ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல்கள் பூட்டப்பட்டன. ஓ.பி சீட்டு முதல் டிஸ்சார்ஜ் வரை எல்லாம் பேனா, பேப்பருக்குத் திரும்பின. காப்பாற்றியது பாதிக்கப்படாமல் தப்பிய ஒரு பேக்கப் சர்வர். அதிலிருந்து தகவல்களை மீட்டு, புது சர்வர்களில் ஏற்றினார்கள். அப்படியும் பெரும்பாலான சேவைகள் திரும்ப இரண்டு வாரங்கள் ஆயின. அந்த ஒரு சர்வரும் மாட்டியிருந்தால்?

அதனால்தான் நிபுணர்கள் ‘3-2-1’ என்கிறார்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகை சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். இப்போது இதோடு ‘இம்யூட்டபிள் ஸ்டோரேஜ்’ என்பதும் சேர்ந்திருக்கிறது. ஒருமுறை எழுதலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம். குறித்த காலம் முடியும்வரை திருத்தவோ அழிக்கவோ முடியாது. சரியாக அமைத்தால், அட்மின் பாஸ்வேர்டு திருடு போனாலும் அந்தப் பிரதி தப்பும். அண்ணாமலையார் கோயில் சுவரில் இருக்கும் சோழர் கால தானக் கணக்குகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அவற்றுக்கும் இன்று வெளியூரில் பிரதி உண்டு. 1990-ல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அவற்றைப் புத்தகமாக்கியது.

பெரிய கிளவுட் நிறுவனங்கள் பலவும் இந்த வசதியைத் தருகின்றன. அவ்வளவு செலவு வேண்டாம் என்கிற சிறு கடைக்கு, இரண்டு ஹார்ட் டிஸ்க் போதும். மாற்றி மாற்றி பேக்கப் எடுத்து, எடுத்ததும் கழற்றி, ஒன்றை வீட்டு பீரோவில் வைத்துவிடலாம். மாதம் ஒருமுறை அதிலிருந்து நாலு ஃபைல்களை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்பது முக்கியம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஒருவேளை மாட்டிக்கொண்டால், முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். 1930-க்கு போன் செய்யுங்கள். பதற்றத்தில் பீரோவில் இருக்கும் அந்த நல்ல டிஸ்கைக் கொண்டுவந்து அதே கம்ப்யூட்டரில் சொருகிவிடாதீர்கள்.