மஞ்சள் பூசிய வரி!

சென்னைக்கு மேற்கே இருக்கும் பூந்தமல்லியில் ஒரு தனிக் கோர்ட்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கு அங்கேதான் நடந்தது. 288 சாட்சிகள்! ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள்! 1998-ம் ஆண்டு ஜனவரி 28-ந்தேதி 26 பேருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது.

இத்தனை தாள்களில் ஓர் உயிரைத் தீர்மானிக்கும் வரி எது? அதை நீதிபதிக்கு எப்படிக் காட்டுவது? வக்கீல்களுக்கு இது பழைய கவலை!

திரையில் பத்திரம்

முன்பெல்லாம் வக்கீல் தம் நகலில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைப்பார். இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அமெரிக்காவில் ஜூரிகளுக்கு முன்னால் திரையில் பத்திரத்தைக் காட்டி வாதாடுகிறார்கள். நம் நாட்டில் ஜூரி கிடையாது. நீதிபதியே தீர்ப்புச் சொல்கிறார். அவருக்கும் திரையில் காட்டி விளக்கலாம்.

அம்பத்தூரில் ஒரு மனை வழக்கு என்று வைத்துக்கொள்வோம். கிரயப் பத்திரத்தில் சர்வே எண் ஒரே வரியில் இருக்கிறது. அதை எப்படிக் காட்டுவது?

முதலில் முழுப் பக்கத்தையும் திரையில் காட்ட வேண்டும். வேண்டிய வரியின்மேல் மட்டும் வெளிர் மஞ்சள் பூச வேண்டும். கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு அந்த வரியைப் பெரிதாக்கிப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். மேலே ஆவண எண்ணும் பக்க எண்ணும் இருக்க வேண்டும். பத்து வரிக்கு மஞ்சள் பூசினால் கண் எதில் நிற்கும்?

மூலப் பத்திரத்தில் கை வைக்கவே கூடாது! கோர்ட்டில் குறியிட்ட ஆவணமே சாட்சியம். திரையில் தெரிவது அதைச் சுட்டிக் காட்டும் விரல்தான்.

விடுபட்ட வரி

முழுப் பக்கம் எதற்கு? பூந்தமல்லி வழக்கே பதில் சொல்கிறது.

19 வயதில் கைதானவர் பேரறிவாளன். இரண்டு பேட்டரிகள் வாங்கிக் கொடுத்ததாக அவருடைய வாக்குமூலத்தில் எழுதியிருந்தது. 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு நான்கு பேருக்குத் தூக்கை உறுதி செய்தது. அவர்களில் அவரும் ஒருவர்.

2013-ல் ஒரு செய்தி வெளிவந்தது. வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே பேசினார். பேட்டரிகள் எதற்கு என்று தனக்குத் தெரியாது என்றும் பேரறிவாளன் சொன்னாராம். அதை எழுதாமல் விட்டுவிட்டதாக அதிகாரி கூறினார்!

கருணை மனுவில் ஏற்பட்ட தாமதத்தால் 2014-ல் தூக்கு, ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 2022-ம் ஆண்டு மே 18-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. அப்போது 30 ஆண்டுகள் கடந்திருந்தன!

எழுதாமல் விட்ட வரிக்கு எந்த மஞ்சளும் பூச முடியாது. எழுதிய வரியையாவது மறைக்காமல் காட்டலாம் அல்லவா?

வாசகர்களே! பத்திரத்தில் ஒரு வரியை யாராவது உங்களுக்குச் சுட்டிக் காட்டினால் அதைப் படியுங்கள். அதற்கு மேல் வரியையும் கீழ் வரியையும் படியுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்!