மலைக்குள் ஓடும் ஆறு

மலையில் பிறந்து, வயலும் ஊரும் கண்டு, மணல் மேடிட்ட முகத்துவாரத்தில் சோர்ந்து கடலை அடையும் நதிகளையே பார்த்துப் பழகிய நமக்கு, பிலிப்பைன்ஸ் தேசத்துப் பலவான் தீவில் ஓடும் ஆறு ஒரு விசித்திரமாகவே தோன்றும். புவெர்ட்டோ பிரின்ஸெஸா நகரத்தின் எல்லைக்குட்பட்ட ஸெயிண்ட் பால் மலைத்தொடரின் அடியில், சூரியனையே அறியாமல் 8 கிலோமீட்டருக்கு மேல் பிரவகிக்கும் அது, குகை வாயிலைத் தாண்டிய கையோடு கடலில் கலந்துவிடுகிறது. கடலும் சும்மா இருப்பதில்லை. அலையேற்றத்தின்போது அதன் உப்புநீர் குகைக்குள் புகுந்து ஆற்றை எதிர்கொள்ள, கீழ்ப்பகுதி முழுவதும் நாள்தோறும் உயர்ந்தும் தாழ்ந்தும், மலையே மூச்சு விடுவது போன்ற பிரமையை உண்டாக்குகிறது.

இவ்வளவு பெரிய மண்டபத்தைக் குடைந்த சிற்பி மழைத்துளிதான். மண்ணிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று லேசாகப் புளித்த நீர், சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி அதைக் கரைக்கிறது. கரைத்த சுண்ணாம்பையே குகையின் கூரையில் சொட்டுச் சொட்டாகப் படியவிட்டு, ஆலம் விழுதுகளாகவும் தரையிலிருந்து எழும் தூண்களாகவும் சமைக்கிறது. அழித்த கையே ஆக்குகிறது! அந்தப் பாறையும் ஆதியில் கடலடியில் கிடந்ததே என்பதற்குச் சாட்சியாக, நம் பாக் ஜலசந்தி மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசுவின் இனத்தைச் சேர்ந்த, சுமார் 2 கோடி வருஷங்களுக்கு முற்பட்ட ஒரு பிராணியின் எலும்புகள் குகைச் சுவரில் பதிந்திருக்கின்றன.

யாத்திரிகர்களைத் துடுப்புப் படகில் அழைத்துச் செல்லும் படகோட்டிகள், முன்பெல்லாம் ஒற்றை விளக்கின் ஒளியில் இது காளான், அது தேவமாதா என்று பாறைகளுக்குப் பெயர் சொல்லிக்கொண்டே போவார்கள். எனக்கு அந்த விளையாட்டில் அவ்வளவு ருசி இல்லை. விளக்கை ஒரு கணம் அணைத்தால் சூழும் அந்தகாரத்தில், நீர் சொட்டும் ஓசையும், வௌவால்களின் கிரீச்சொலியும், எதிரொலியைக் கொண்டே வழியறியும் உழவாரக் குருவிகளின் கிட்டுக் கிட்டென்ற சப்தமுமே அக்குகையின் உண்மையான சௌந்தரியம். பொழுது சாயும் வேளையில் குருவிகள் கூட்டுக்குத் திரும்ப, வௌவால்கள் இரைதேடப் புறப்படுகின்றன.

1999ஆம் வருஷம் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது. முன் அனுமதிச் சீட்டின்றி உள்ளே விடுவதில்லை. போகிறவர்கள் கூரையை அண்ணாந்து பார்க்கையில் வாயை மூடிக்கொள்வது நல்லது. மேலே தொங்கும் வௌவால்களுக்கு விருந்தாளி, வீட்டார் என்ற பேதமில்லை.