ரேஸ் ஏறி இறங்கும் எஞ்சின்

புயலுக்குப் பிறகு மின்சாரம் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. 2016 டிசம்பரில் வர்தா சென்னையைத் தாக்கியபோதும், 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் அருகே கரையேறி டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப் போட்டபோதும் நமக்கு அது நன்றாகவே தெரிந்தது. அப்படிப்பட்ட நாட்களுக்காகத்தான் பலர் ஒரு சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரை வாங்கி வைக்கிறார்கள். மாதக்கணக்கில் அது மூலையில் கிடக்கும். தேவை வந்ததும் கயிற்றை இழுத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், ஆனால் சீராக ஓடாது. வேகம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். பல்பின் வெளிச்சமும் அதோடு கூடிக் குறையும். 'ரேஸ் ஏறி இறங்குது' என்பார் மெக்கானிக்.

இந்த ஓசையைக் கேட்டதும் எஞ்சின் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் எஞ்சினுக்கு ஒரு கேடும் இருக்காது. அதற்குப் போதிய பெட்ரோல் கிடைக்கவில்லை. அந்தக் குறையை ஈடுகட்ட ஒரு பாகம் ஓயாமல் போராடுகிறது. அந்தப் போராட்டத்தின் ஓசைதான் அது.

வேகத்தைக் காக்கும் காவலாளி

நம் வீட்டு மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ். இரண்டு காந்த முனை கொண்ட சாதாரண ஜெனரேட்டர் அதைத் தர வேண்டுமானால் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்ற வேண்டும். ஒரு மின்விசிறி ஓடினாலும் சரி, கூடவே மோட்டாரைப் போட்டாலும் சரி, அந்த வேகம் மாறக் கூடாது. இதைப் பார்த்துக்கொள்வது கவர்னர். எஞ்சினுக்குள் சுழலும் சிறிய எடைகள் வேகம் கூடினால் வெளிப்பக்கமாக விரியும். ஒரு கம்பி வழியாக, காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டரின் த்ராட்டிலை மூடும். வேகம் குறைந்தால் எடைகள் ஒடுங்கும். ஸ்பிரிங் த்ராட்டிலைத் திறக்கும். ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எஞ்சினில் பொருத்திய அதே தத்துவம்தான் இன்றும் வேலை செய்கிறது.

கவர்னர் கட்டளையிடுவதற்கும் எஞ்சின் அதற்கு இணங்குவதற்கும் நடுவே சிறு தாமதம் உண்டு. பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கும்போது இந்தத் தாமதம் தெரியாது. பெட்ரோல் குறைவாகவும் காற்று மிகுதியாகவும் போகும்போது வேகம் சரிகிறது. கவர்னர் த்ராட்டிலை அகலத் திறக்கிறது. எஞ்சின் திடீரென்று சீறிப் பாய்கிறது. எல்லை மீறியதும் கவர்னர் மூடுகிறது. வேகம் மறுபடி சரிகிறது. இந்தச் சுழற்சிக்கு முடிவே இல்லை. கவர்னர் பொருத்திய எந்திரங்கள் இப்படி ஊசலாடுவது ஏன், எந்த நிலையில் அந்த ஊசலாட்டம் அடங்கும், எந்த நிலையில் வளரும் என்பதைக் கணக்காக ஆராய்ந்து ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868இல் ஒரு கட்டுரை எழுதினார். இன்றைய கட்டுப்பாட்டுப் பொறியியலின் முதல் படிகளில் ஒன்றாக அதைக் கருதுகிறார்கள்.

ஆகவே ஓசை ஏறி இறங்கினால் உடனே கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்து மாட்டுவதோ, கம்பியை வளைப்பதோ தவறு. நோய் வேறிடத்தில் இருக்கிறது.

கிடந்த பெட்ரோல் என்ன ஆகிறது?

பெட்ரோல் பல திரவங்களின் கலவை. எஞ்சினை எளிதில் பற்றவைப்பவை அதிலுள்ள லேசான பகுதிகள். அவையே முதலில் ஆவியாகிப் போகின்றன. மீதமிருப்பது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து பிசினாக மாறும். பழைய பெட்ரோலின் காட்டமான புளித்த வாடையும் பழுப்பு நிறமும் இதற்கு அடையாளம்.

இந்தியப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022இல் 10 சதவீதத்தை எட்டியது. இப்போது 20 சதவீதம். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. கடலோர ஊர்களின் காற்றிலும் மழைக்காலக் காற்றிலும் அந்த ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாய் தொட்டியின் அடியிலிருந்துதான் கிளம்புகிறது என்பதால் முதலில் உள்ளே போவது இந்தக் கலவைதான். கார்புரேட்டரின் அலுமினியத்தில் வெண்பொடியும், பெட்ரோல் பாயும் துளையுள்ள பித்தளை ஜெட்டில் பச்சைக் களிம்பும் படிவதற்கு இந்த ஈரமே காரணம்.

பிசினும் களிம்பும் அடைப்பது ஜெட்டை. சிறிய எஞ்சினின் கார்புரேட்டரில் முக்கியமாக இரண்டு ஜெட்டுகள் உண்டு. லோடு குறைவாக இருக்கும்போது பெட்ரோல் தருவது பைலட் ஜெட். இதை ஸ்லோ ஜெட் என்றும் சொல்வார்கள். லோடு ஏறும்போது தருவது மெயின் ஜெட். பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர் கூட இராது. அதில் தலைமுடி அளவு பிசின் ஒட்டினாலும் எஞ்சின் பட்டினிதான்.

எங்கே தொடங்குவது?

எந்தச் சோதனையையும் திறந்தவெளியில், வீட்டு ஜன்னல்களுக்கு எட்டத்தில் செய்யுங்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூடிய அறையில் அது உயிரைக் குடிக்கும். பெட்ரோலைக் கையாளும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், அருகில் நெருப்பு கூடாது.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரே தாளத்தில் ஏறி இறங்கினால் பெட்ரோல் பற்றாக்குறை என்று ஊகிக்கலாம். தாளமே இல்லாமல் அங்கங்கே விட்டுவிட்டு 'மிஸ் அடித்தால்' ஸ்பார்க் பிளக்கைச் சந்தேகிக்க வேண்டும். சில நிமிடம் நன்றாக ஓடி அணைந்துபோனால் தொட்டி மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். அதோடு சரியானால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள்.

அடுத்து சோக் சோதனை. எஞ்சின் ஓடும்போதே சோக்கை மெதுவாகப் பாதி மூடுங்கள். காற்று குறைவதால் பெட்ரோலின் பங்கு கூடும். ஊசலாட்டம் அடங்கினால் பற்றாக்குறை உறுதி. ஒரு கருவியும் இல்லாமல், சில நொடிகளில் இவ்வளவு தெளிவான விடை தரும் சோதனை வேறில்லை. பிறகு சோக்கைத் திறந்துவிட்டு லோடு கொடுத்துப் பாருங்கள். லோடு ஏறியதும் சீரானால் பைலட் ஜெட். லோடிலும் தடுமாறினால் மெயின் ஜெட் அல்லது தொட்டியிலிருந்து வரும் வழி.

இனி சுத்தம் செய்யலாம். பழைய பெட்ரோலை முழுக்க வடித்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விட்டு வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. பழைய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. பெட்ரோல் காக்கின் கீழுள்ள வடிகட்டியையும் கழுவுங்கள். கார்புரேட்டரின் அடிக் கப்பைக் கழற்றி, ஜெட்டுகளை எடுத்து, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, துளையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வட்டமாக ஒளி தெரிய வேண்டும். அடைப்பு விடாவிட்டால் மின்வயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையைப் பயன்படுத்தலாம். ஊசியோ இரும்புக் கம்பியோ வேண்டாம். துளை அகன்றால் அந்த ஜெட்டே வீண்.

இவ்வளவுக்குப் பிறகும் தடுமாறினால் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள கேஸ்கட் வழியே காற்று புகுகிறதா என்று பாருங்கள். அப்படிப் புகும் காற்றும் கலவையை மெலிவாக்கும். ஏர் ஃபில்டரில் எலி கடித்திருக்கிறதா, சைலன்சரில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா, கவர்னர் கம்பி துருவேறி இறுகியிருக்கிறதா என்பதைப் பார்ப்பது இதற்கு அடுத்தபடி.

மூட்டை கட்டும் முன்

பழுது பார்ப்பதைவிடத் தடுப்பது எளிது. ஜெனரேட்டரை எடுத்து வைக்கும் முன் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓட விடுங்கள். பிறகு கப்பின் வடிகால் திருகைத் தளர்த்தி மிச்சத் துளிகளையும் வெளியேற்றுங்கள். நெடுநாள் வைப்பதானால் தொட்டியையும் காலி செய்யுங்கள். கடைசியாகக் கயிற்றை மெதுவாக இழுத்து, கை இறுகும் இடத்தில் நிறுத்துங்கள். அப்போது இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும், ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. அவசரத்துக்கென்று தயாராக வைத்திருப்பவர்கள் புதுப் பெட்ரோல் ஊற்றி, மாதம் ஒருமுறை லோடு கொடுத்துக் கால் மணி நேரம் ஓட்டினால் போதும்.

கடலோர ஊர்களில் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்துச் சுத்தம் செய்ய உகந்த மாதம் செப்டம்பர். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும்; புயல் எச்சரிக்கை வந்த பிறகு ஜெட் கழுவ நேரமும் இருக்காது, மெக்கானிக்கும் கிடைக்கமாட்டார்.