துரு எங்கே ஒளிந்திருக்கிறது?

நீங்கள் வேனில் பள்ளிக்குச் செல்பவரா? அப்படியானால் ஒரு கேள்வி. உங்கள் காலடியில் ரப்பர் விரிப்பு கிடக்கிறதே, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா? ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடு. அதற்கும் கீழே, விரைந்தோடும் சாலை!

என் சித்தப்பா மகன் தூத்துக்குடியில் ஓட்டுநராக இருக்கிறான். சேமித்த பணத்தோடு கடனும் வாங்கிச் சேர்த்து, 12 ஆண்டுகள் ஓடிய பழைய வேன் ஒன்றை வாங்கினான். உப்பளங்களுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற வண்டி அது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பிள்ளைகளை ஏற்றிச் செல்வது அவன் திட்டம். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். "பாருங்கண்ணே, கண்ணாடி மாதிரி இருக்கு!" என்று பெருமையோடு காட்டினான்.

இயற்பியல் ஆசிரியன் அல்லவா நான்? பையிலிருந்த சிறு காந்தத்தை எடுத்து வண்டியின் பக்கவாட்டில் வைத்துக்கொண்டே வந்தேன். எல்லா இடத்திலும் 'டக்'கென்று ஒட்டிய காந்தம், பின்சக்கரத்திற்கு மேலே ஓரிடத்தில் நழுவி விழுந்தது. அங்கே பெயின்டுக்கு அடியில் தகடு இல்லை; பட்டிதான் இருந்தது! பள்ளத்தை நிரப்ப அப்பப்படும் பசையைத்தான் பட்டி என்கிறோம். தகடு தொலைவில் இருந்தால், அல்லது இல்லாமலே போயிருந்தால், காந்தத்தின் பிடி தளர்ந்துவிடும்.

வண்டியை டிங்கர் பட்டறைக்குக் கொண்டு போனோம். அங்கிருந்த பெரியவர் ரப்பர் விரிப்பைத் தூக்கிவிட்டு, திருப்புளியின் நுனியால் தளத்தை மெல்ல அழுத்தினார். அது அப்பளத்தில் நுழைவதுபோல் நுழைந்து மறுபக்கம் வந்தது. "தம்பி, வெளியிலே கொஞ்சம் தெரிஞ்சா உள்ளே நிறைய இருக்கும்" என்றார் அவர்.

அனுபவத்தில் பிறந்த இந்தச் சொல்லுக்கு அறிவியல் காரணம் உண்டா? உண்டு.

ஒரு துளி உப்பு நீர்

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அப்படியானால் காற்று நன்றாகப் படும் இடத்தில்தானே இரும்பு அதிகம் அழிய வேண்டும்? காற்றுப் புகாத இடுக்கில் அழிவானேன்?

இதற்கு விடை தரும் சோதனையொன்றைச் செய்து காட்டியவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யூ. ஆர். எவன்ஸ் என்ற அறிஞர். 1920களில் அவர் செய்த இச்சோதனையை உங்கள் பள்ளி ஆய்வகத்திலும் செய்யலாம்.

100 மில்லி லிட்டர் நீரில் 3 கிராம் உப்பைக் கரையுங்கள். அதில் மிகச் சிறிதளவு பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும், சில துளிகள் ஃபினால்ஃப்தலீனும் சேருங்கள். (ஃபெர்ரிசயனைடை அமிலத்தோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. எனவே ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டுமே இதனைச் செய்யுங்கள்.) இரும்புத் தகடொன்றை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, அதன்மீது இக்கரைசலில் ஒரு பெரிய துளியை விடுங்கள்.

முதலில் இங்குமங்குமாக நீலப் புள்ளிகளும் இளஞ்சிவப்புப் புள்ளிகளும் தோன்றும். சிறிது நேரத்தில் அவை ஒழுங்குபடும். துளியின் நடுப்பகுதி நீலமாகும், விளிம்பு இளஞ்சிவப்பாகும், இரண்டுக்கும் இடையே பழுப்பு நிறத்தில் துரு வளையம் ஒன்று உருவாகும்.

நீல நிறம் இரும்பு கரைகிறது என்பதற்கு அடையாளம். ஒவ்வொரு இரும்பு அணுவும் இரண்டு எலக்ட்ரான்களைத் தகட்டிலேயே விட்டுவிட்டு, அயனியாக நீரில் இறங்குகிறது. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே விளிம்பிற்கு ஓடுகின்றன. விளிம்பில் நீர்ப்படலம் மெல்லியது. காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதில் கரைந்து வந்து சேரும். ஆக்சிஜனும் நீரும் எலக்ட்ரான்களை ஏற்று ஹைட்ராக்சில் அயனிகளாகின்றன. இளஞ்சிவப்பு நிறம் இவற்றின் அடையாளம். ஆக, அந்த ஒரு துளி ஒரு மின்கலம்! ஆக்சிஜன் மிகுந்த விளிம்பு பிழைத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதி தேய்கிறது.

கரைந்த இரும்பும் ஹைட்ராக்சில் அயனிகளும் நடுவழியில் சந்தித்து, ஆக்சிஜனோடு சேரும்போதுதான் துரு படிகிறது. துரு தெரியும் இடம் வேறு, இரும்பு தேயும் இடம் வேறு என்பதே இச்சோதனை தரும் பாடம்.

இடுக்குக்குள் நடப்பது

இனி வேனுக்கு வருவோம். இரு தகடுகள் மடிந்து சேரும் இடுக்கு, ரப்பர் விரிப்பின் அடிப்பகுதி, கதவுக்குக் கீழே செல்லும் உள்ளீடற்ற சட்டம் ஆகிய இடங்களில் ஈரம் தேங்கும். இடுக்கின் வாயில் ஆக்சிஜன் உண்டு, ஆழத்தில் இல்லை. எனவே ஆழத்திலுள்ள இரும்பு கரைகிறது. வாசலில் ஒரு பழுப்புக் கறை, உள்ளறையிலோ பெருங்கொள்ளை!

உப்பு இதனை விரைவுபடுத்துகிறது. உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் அந்தச் சிறு மின்கலம் சுறுசுறுப்பாக இயங்குகிறது. காற்றின் ஈரத்தையும் உப்பு ஈர்த்து வைத்துக்கொள்கிறது. கடற்காற்றின் வலிமைக்குப் பாம்பன் ரயில் பாலமே சான்று. 1914இல் திறக்கப்பட்ட அப்பாலம் அரிமானத்தால் தளர்ந்ததால், 2022 டிசம்பரில் அதன்மீது ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது.

மற்றொன்றையும் கவனியுங்கள். அழிந்த இரும்பைவிட அதிலிருந்து உண்டான துரு இரண்டு மடங்கிற்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே அது பெயின்டைக் கொப்புளமாகத் தள்ளுகிறது. வண்டியில் காணும் சிறு கொப்புளம் அற்பமானதன்று. உள்ளே நடப்பதன் அறிவிப்பு.

ஒட்டுப் போட்டால் போதாதா?

"பள்ளி திறக்க பத்து நாள்தான் இருக்கு. மேலே ஒரு தகட்டை ஒட்டி விரிப்பைப் போட்டுடலாமே" என்றான் தம்பி. கடன் தவணை அவன் கண்முன் நின்றது. அவனைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆய்வகத்திற்கு அழைத்துச் சென்று அந்த ஒரு துளியை மட்டும் காட்டினேன். பழைய துருவின்மேல் புதுத் தகட்டை வைத்தால் இன்னுமோர் இடுக்குத்தான் பிறக்கும் என்பது அவனுக்கே விளங்கிவிட்டது.

2012 ஜூலையில் சென்னையை அடுத்த தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கெனத் தமிழ்நாட்டில் சிறப்பு விதிகள் வகுக்கப்பட்டன. அந்தச் செய்தி எங்கள் இருவர் நினைவிலும் இருந்தது.

பெரியவர் பாட்டரி இணைப்பைத் துண்டித்து, எரிபொருள் தொட்டியையும் கழற்றி வைத்த பிறகே வேலையைத் தொடங்கினார். நல்ல தகடு வரும்வரை அரித்த பகுதியை வெட்டி எடுத்தார். ஓட்டை நாம் எண்ணியதைப்போல் நான்கு மடங்கு பெரிதாயிற்று! பிறகு புதிய தகட்டைப் பற்றவைத்து, இணைப்புகளில் நீர் புகாதபடி பூச்சிட்டு, துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு கொடுத்தார். துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரான்களை இழக்கும். தான் கரைந்து இரும்பைக் காக்கும். சட்டத்தின் உட்புறத்தில் மெழுகு கலந்த எண்ணெயைப் பீச்சினார். மண் அடைத்திருந்த நீர் வடியும் துளைகளையும் குத்தித் திறந்துவிட்டார்.

எல்லாம் முடிந்து எஃப்.சி. வாங்கி வண்டி ஓடத் தொடங்கியபோது ஜூன் மாதம் பாதி கடந்துவிட்டது. தவணை ஒன்று தாமதமாயிற்று. இப்போது ஞாயிறுதோறும் அவன் விரிப்புகளைத் தூக்கி, தளத்தை நன்னீரால் கழுவி, வெயிலில் உலர வைக்கிறான்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். வேனின் தளம் காலுக்கடியில் நெகிழ்ந்தாலோ, விரிப்பு எப்போதும் ஈரமாக இருந்தாலோ, ஓட்டுநரிடமும் ஆசிரியரிடமும் சொல்லுங்கள். "விரிப்பைத் தூக்கிப் பார்க்கலாமா அண்ணே?" என்று கேட்பதில் தவறேதும் இல்லை.