தேக்கம்பட்டி தந்த மளிகைக் கடைக்காரர்

பத்மஸ்ரீ பாப்பம்மாள் அம்மையாரை இயற்கை விவசாயி என்றே ஊர் அறியும். ஆனால், மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் அவர் முதலில் செய்தது நம் தொழிலைத்தான். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர், பாட்டியின் மளிகைக் கடையை ஏற்று நடத்தினார். சிற்றுண்டிக் கடையும் வைத்தார். கல்லாவில் மிச்சம் பிடித்த காசில் நிலம் வாங்கினார்.

அத்துடன் காரமடை ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலராக ஊர் வேலையும் பார்த்தார். "கடையை விட்டுவிட்டுப் பொதுவேலைக்கு எங்கே நேரம்?" என்று சங்கக் கூட்டத்துக்கு வராதவர்கள் சொல்வதுண்டு. அடியேனும் சொன்னவன்தான். அம்மையாரோ கடை, சமையல், காடு, கவுன்சில் நான்கையும் பார்த்தவர்.

கோவையில் ஆண்டுதோறும் மாரத்தான் நடக்கிறது. சில மணி நேரத்தில் ஓடி முடித்தவர்களுக்கே பதக்கம் தருகிறோம். இவர் ஓட்டம் வேறு வகை. நூறு வயதைக் கடந்த பின்னும் விடியலில் எழுந்து, இரண்டரை ஏக்கர் தோட்டத்தில் இறங்கி வேலை செய்தார். ரசாயன உரம் கிடையாது. வேளாண்மைப் பல்கலைக்கழகக் கூட்டங்களுக்கும் போய் வந்தார்.

2021-இல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது. 27-9-2024 அன்று அம்மையார் இயற்கை எய்தினார்.