டைல் தண்ணீர் குடிக்குமா?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ புது வீட்டுக்குக் குடிபோனவர்களில் சிலர், அடுப்படிச் சுவரில் எண்ணெய்க் கறை படியாதிருக்கத் தாங்களே டைல் பதிக்க முனைவதுண்டு. நல்ல முயற்சிதான். ஆனால் சில மாதங்களில் டைல் கழன்று, கொதிக்கும் குழம்புச் சட்டியில் விழுந்தால்?

சிமெண்டு காய்ந்து இறுகுகிறது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை! நீருடன் வேதிவினை புரிந்தே அது இறுகுகிறது. பாதியில் நீர் போய்விட்டால் வினையும் நின்றுவிடும்; பிடிப்பில்லாத கலவைதான் மிஞ்சும்.

சாதாரணச் சுவர் டைலின் பின்புறம் நுண்துளைகள் நிறைந்தது. உலர்ந்த டைல், கலவையின் நீரை உறிஞ்சிக்கொள்ளும். செங்கல் சுவரும் அப்படியே. கத்திரி வெயிலோ தன் பங்குக்கு வேறு! ஆகவேதான் கொத்தனார் சுவரை நனைத்து, டைலை ஊறவைத்துத் துடைத்த பிறகு பதிக்கிறார்.

ஒரு சோதனை செய்யுங்கள். உடைந்த டைல் துண்டு ஒன்றை வெயிலில் காயவைத்து எடை போடுங்கள். பிறகு நீரில் போடுங்கள், குமிழிகள் கிளம்பும். ஒருநாள் ஊறியதும் துடைத்து மறுபடி நிறுங்கள். 500 கிராம் 570 ஆனால், உறிஞ்சிய நீர் 14 சதவீதம். சுவர் டைலில் 10 சதவீதத்துக்கு மேல் வருவது சாதாரணம்.

விட்ரிஃபைடு டைலில் இது 0.5 சதவீதத்தைத் தாண்டாது. அதை ஊறவைத்துப் பயனில்லை. கலவை பற்றிக்கொள்ளவும் அதில் துளை இல்லை. அதற்கென விற்கும் ஒட்டுக்கலவையே சரி.

ஈரச் சிமெண்டு கடுமையான காரம், தோலை அரித்துவிடும். வேலை செய்பவர் ரப்பர் கையுறை அணியட்டும். கலவை இறுகியபின், நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பார்ப்பது உங்கள் வேலை. காலிப் பானைபோல் ஒலித்தால், அதன் பின்னால் வெற்றிடம் இருக்கிறது. அடுப்புக்கு மேலே உள்ளவற்றை முதலில் தட்டுங்கள்.