ஒத்துப்போகாதது ஒரு நோயா?

"வேலையெல்லாம் நல்லாத்தான் செய்றார். ஆனா டீமோட ஒட்ட மாட்டேங்கறார்." அப்ரைசல் காலத்தில் அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இரவு பத்து மணி வாட்ஸ்அப்புக்குப் பதில் போடாதவர், பார்ட்டிக்குப் போகாதவர், மேலாளரை மறுத்துப் பேசுபவர் என்று பலரும் இதில் சிக்குவார்கள். சில இடங்களில் பேச்சு இன்னும் வளரும்: "ஆளுக்கு மனசுல ஏதோ பிரச்சினை போல."

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 3ஆம் பிரிவிலேயே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. சுற்றியுள்ளவர்களின் ஒழுக்க, பண்பாட்டு, அரசியல் மதிப்பீடுகளோடு ஒத்துப்போகாததை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் வேலை சார்ந்த மதிப்பீடுகளும் உண்டு. முன்பு எப்போதோ சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே இன்றும் நோய் இருப்பதற்கு ஆதாரமாகாது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது. நோயையே ஒழுங்கீனமாக்கிவிடுவார்கள். மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவருக்கு எண்ணச் சுழல் நோயும் மனச்சோர்வும் இருப்பது 2009இல் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் மீது துறை விசாரணை வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2021 டிசம்பரில் வந்த தீர்ப்பு, அந்த நடவடிக்கை பாகுபாடு என்றது. நடவடிக்கைக்கு மனநலக் குறைபாடு மட்டுமே காரணம் என்று ஊழியர் நிரூபிக்கத் தேவையில்லை. காரணங்களில் ஒன்றாக இருந்தாலே போதும். ஆயுதம் தொடாத பணிக்கு அவரை மாற்றலாம், ஆனால் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது என்றும் நீதிமன்றம் சொன்னது.

பணியில் இருக்கும்போது மனநோயால் மாற்றுத்திறனாளியானவரையும் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்ற 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்கே நேரடியாகப் பொருந்தும். தனியார் நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்கிறது அதே சட்டம். எத்தனை எச்.ஆர். துறைகள் அதை ஊழியர் கண்ணில் காட்டியிருக்கும்? எழுத்து மூலம் கேட்டுப் பாருங்கள். பாகுபாடு நடந்தால் மாற்றுத்திறனாளிகள் நல மாநில ஆணையரிடம் புகார் தரலாம்.

மருத்துவரிடம் பேசியது அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்திலேயே பலர் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, நோயாளியின் விவரத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது. சிகிச்சைச் செலவைப் பொறுத்தவரை, உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. கோரிக்கையை நிராகரித்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

மனம் தளர்ந்திருக்கும் நேரத்தில் யார் நெருக்கினாலும் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மருத்துவ விடுப்பை எழுத்தில் கேளுங்கள், வந்த மின்னஞ்சல்களைப் பத்திரப்படுத்துங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.